ஒன்பது நாற்பத்தொன்றின் நகல்

அத்தியாயம் 7

ஷேர் ஆட்டோவில் ஏழாவது, எட்டாவது ஆளாக ஏறித் துப்பறியப் போனவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். முத்துமீனா அக்கா பின்சீட்டில், கோழிக்கூடைக்கும் குடத்துக்கும் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்தேன். என் உடம்பில் பாதி அவனியாபுரத்தில் இருந்தது, மீதி ரிங் ரோட்டில் இருந்தது.

"கிளமெண்ட், மணி என்னாச்சு?"

"ரெண்டு அம்பத்தஞ்சுக்கா. நாலு மணிக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும். அதுக்கு முன்னாடி நான் கீழ விழுந்துருவேன். எது முந்துதுன்னு பாப்போம்."

"நீ விழுந்தா சொல்லு. நான் உள்ள தள்ளி உக்காந்துக்கிறேன்" என்றார்.

அக்கா கோர்ட்டு வாசலில் பதினைந்து வருடம் மனு டைப் அடித்தவர். ஊரில் உள்ள பொய்யில் பாதி அவர் விரல் வழியாகத்தான் நீதிபதிக்குப் போனது. அந்த அனுபவத்தை வீணாக்க வேண்டாம் என்று துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நான் அவருக்கு உதவியாளன். அதற்கு முன்னால் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். வேலையை நானே விட்டேன் என்பது என் கட்சி. பள்ளிக்கூடத்தின் கட்சியை இங்கே எழுத இடம் போதாது.

வழக்கு இதுதான். கீழப்பொட்டல் ஜல்லிக்கட்டில் மாடு அவிழ்க்க டோக்கன் வேண்டும். டோக்கனை ஆன்லைனில்தான் தருகிறார்கள். கோயில் காளைக்கு அடுத்து முதலில் வாடிவாசலைத் தாண்டும் மாட்டுக்கு ஒன்றாம் நம்பர். ஐந்நூறுக்குப் பின்னால் நம்பர் வாங்கிய மாடு, பொழுது சாய்ந்து ஆட்டம் முடிந்த பிறகும் லாரியிலேயே நின்றுகொண்டிருக்கும். போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு திறந்தது. ஒன்றாம் நம்பர் கொட்டாம்பட்டி பக்கத்து பீமாராவின் செவலைக் காளைக்குப் போனது. பீமாராவின் தங்கை தமிழ்வாணி. அந்த டோக்கன் பக்கம் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற என்ஜினீயரும் அவள்தான்.

போதாதா? ஊரே முடிவு கட்டிவிட்டது.

'நிழல்மேகம்' என்பது அவள் வேலை பார்த்த கம்பெனி. கீழே லேத் பட்டறை, மேலே மாடியில் ஏசி. தமிழ்வாணி பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் அறுத்துப் படிக்க வைத்த பிள்ளை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலு மணிக்கு அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், அதோடு சைபர் போலீசுக்குப் புகாரும் போகும்.

"வாணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார் அக்கா. "வியாழக்கிழமை காலையில அந்த டோக்கன் மெஷினை நீ நிறுத்…"

"இல்லக்கா. நிறுத்தல."

கேள்வி முடியவில்லை, பதில் வந்துவிட்டது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் லேத் மெஷினைப் பார்த்தாள்.

"சரி, வா மேல" என்றார் அக்கா. படியேறும்போது என் காதில், "இம்புட்டு வேகமா உண்மை பேசுறவங்களை நான் பார்த்ததில்ல கிளமெண்ட்" என்றார்.

எம்.டி. ஆரோக்கியநாதனின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். எம்.டி. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதை நம்புவார். அவருக்கு வலப்பக்கம் ஆபரேஷன்ஸ் மேனேஜர் தங்கப்பாண்டி. அயர்ன் மடிப்பு கலையாத சட்டை, கலையாத தன்னம்பிக்கை. இடப்பக்கம், புகார் மனு கொடுத்த விழாக் கமிட்டி முத்திருளன். அவருடைய காளைக்குக் கிடைத்த நம்பர் அறுநூற்றுப் பதினேழு. மீசையைப் பார்த்தாலே அந்தச் சோகம் தெரிந்தது. மேஜை நடுவில் வேலைநீக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"துப்பறியிறவங்களா?" என்று தங்கப்பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டோக்கன் மெஷின் தனிக் கம்ப்யூட்டர் இல்ல, பெரிய சர்வருக்குள்ள எமுலேட்டர் காட்டுற மெஷின். எமுலேட்டர்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறது. எங்க ஊர்ல நெறையப் பேரு அந்த வேலைதான் பாக்குறாங்க" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தார். தங்கப்பாண்டி இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். தாள் முழுக்க எண்கள்.

"நான் சொந்தமா ஒரு டூல் எழுதி வச்சிருக்கேன். டோக்கன் மெஷினோட பிராசசர் இந்த நொடி எங்க நிக்குது, கையில என்ன எண்ணை வச்சிருக்குன்னு அப்படியே படம் பிடிச்சுக் குடுக்கும். இது ஒன்பது அம்பத்தெட்டுக்குப் பிடிச்சது. இது பத்து ஒண்ணுக்குப் பிடிச்சது. ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு எண் கூட மாறல. ஓடுற பிராசசர் நொடிக்குக் கோடி தடவை மாறும். மாறலைன்னா என்ன அர்த்தம்? மெஷினை யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க. டியூட்டியில இருந்தது இவ ஒருத்திதான். நிறுத்தி, அண்ணன் பேரை முதல்ல சொருகி, ஓட விட்டிருக்கா."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் முத்திருளன். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. ஆனா கீழப்பொட்டல் வாசல்ல எவன் வீட்டு மாடு முதல்ல போகும், எவன் வீட்டு மாடு கடைசியில போகும்னு காலம் காலமா தெரியும். அது திடீர்னு மாறுனா உள்ள ஏதோ கோளாறுன்னுதான அர்த்தம்?"

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. தமிழ்வாணி தலையைக் குனியவில்லை, அதுவரை சந்தோஷம். எம்.டி. தண்ணீர் குடித்தார்.

அக்கா மட்டும் சிரித்த முகமாக இருந்தார். "டூல் பிரமாதமா இருக்கே சார். இப்ப ஒரு படம் பிடிச்சுக் காட்டுங்களேன். ஆசையா இருக்கு."

பாராட்டுக்கு மயங்காத மேனேஜர் மதுரையில் இன்னும் பிறக்கவில்லை. தங்கப்பாண்டி லேப்டாப்பைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அக்கா அதை வாங்கி, படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"டீ கிடைக்குமா?"

டீ வந்தது. அக்கா ஊதி ஊதிக் குடித்தார். மணி மூன்று இருபது ஆனது. "இன்னொரு படம்" என்றார் அக்கா. வந்தது. நான்கு தாள்களையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார்.

"எம்.டி. சார், நீங்களே பாருங்க."

ஆரோக்கியநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள், நான்காம் தாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை.

"நாலும் ஒண்ணா இருக்கே?"

"ஆமா சார். வியாழன் ஒன்பது அம்பத்தெட்டு, பத்து ஒண்ணு, இன்னைக்குத் திங்கக்கிழமை மூணு பத்து, மூணு இருபது. எண் மாறலைன்னா மெஷின் நின்னிருக்குன்னு மேனேஜர் சார் சொல்றாரு. அப்ப வியாழக்கிழமையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கு."

"நின்னுக்கிட்டே ஆயிரத்து நூறு டோக்கன் குடுத்திருக்கு சார்" என்றேன். "சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க."

தங்கப்பாண்டியின் சட்டை மடிப்பு அப்படியே இருந்தது, முகம்தான் கசங்கியது. "டூல்ல ஏதோ தப்பு… அது… வாணி, நீ ஏதாச்சும் கை வச்சியா?"

"தப்பு டூல் கேக்குற முறையிலதான் சார்" என்று தமிழ்வாணி அந்த அறையில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எமுலேட்டர் மேல இருக்கிற புரோகிராம். பிராசசரை நிஜமா ஓட்டுறது அடியில இருக்கிற கெர்னல், அதாவது அந்த சர்வரையே நடத்துற மூலப் புரோகிராம். ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் சரியான எண்ணு கெர்னல் கையிலதான் இருக்கும். எமுலேட்டர் கையில இருக்கிறது முன்ன எப்பவோ வாங்கி வச்ச நகல். இப்போதைய நிலவரம் வேணும்னா பிராசசரை ஒரு நொடி நிறுத்தி, கெர்னல்கிட்ட புதுசாக் கேட்டு வாங்கணும். ஏதாச்சும் மாத்தியிருந்தா, ஓட விடுறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுக்கணும். சார் டூல் கெர்னலைக் கேக்குறதே இல்ல. நேரா பழைய நகலை எடுத்து நீட்டுது."

"பரோட்டாக் கடையில கல்லாவுல இருக்கிறவரு காலையில எழுதுன சிலேட்டைப் பார்த்து 'சால்னா இருக்கு'ன்னு சொல்ற மாதிரி" என்றார் அக்கா. "உள்ள மாஸ்டரு சட்டியைக் கழுவிக் கவுத்தி அரைமணி நேரம் ஆயிருக்கும்."

எம்.டி.க்கு அது புரிந்தது. அவர் வேலைநீக்கக் கடிதத்தை ஓரமாகத் தள்ளினார். "அப்ப இந்தத் தாளை வச்சு இந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுக்க முடியாது. விட்டிருவோம் தங்கப்பாண்டி."

நான் எழுந்துவிட்டேன். வேலை முடிந்தது, மணி மூன்றரை, கீழே நல்ல வடைக் கடை இருந்தது. அக்கா எழவில்லை.

"உக்காரு கிளமெண்ட். சார், எனக்கு ஒரு சந்தேகம். இது பழைய நகல். சரி. எப்ப வாங்குன நகல்?"

தமிழ்வாணியின் கை மறுபடியும் அடையாள அட்டைக்குப் போனது.

எனக்குப் பகீரென்றது. மூன்று நாளாக அக்காவுக்கு எமுலேட்டர் பாடம் எடுத்த வாத்தியார் நான். எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. நகல் தானாக வராது. யாராவது மெஷினை முறைப்படி நிறுத்தி, கெர்னலைக் கேட்டு வாங்கியிருந்தால்தான் வரும். வியாழக்கிழமை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு முன்னால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். டியூட்டியில் இருந்தது ஒருத்திதான்.

"அக்கா, எந்திரிங்க, போவோம்" என்று கிசுகிசுத்தேன். "நம்ம கட்சிக்காரியை நாமளே மாட்டி விடக் கூடாது."

அக்கா என்னைக் கவனிக்கவில்லை. "வாணி, நீ வாயைத் திறக்காம இருந்தா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. சார் விட்டுட்டாரு. ஆனா ஒண்ணாம் நம்பர் திருட்டு நம்பர்னு ஊரு பேசிக்கிட்டே இருக்கும். உங்க அண்ணன் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு வரும்போது முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு."

மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது.

"நான்தான் சார் நிறுத்தினேன்" என்றாள் தமிழ்வாணி.

முத்திருளன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "பார்த்தியா மாப்ள! நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

மதுரையில் பஸ் கண்டக்டரும் மாப்ள, பக்கத்து சீட்டுக்காரனும் மாப்ள. அதனால் அவர் தங்கப்பாண்டியை மாப்ள என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் தலையை லேசாகத் திருப்பினார்.

"அஞ்சே நொடிதான் சார்" என்றாள் வாணி. "ஒன்பது நாப்பத்தொண்ணுக்கு. டோக்கன் பக்கத்துல 'பதிவு திறக்க இன்னும் இத்தனை நிமிஷம்'னு எண்ணிக்கிட்டு வரும்ல, அது என் வாட்சை விட நாலு நிமிஷம் முந்தி ஓடுச்சு. பக்கம் தப்பா, மெஷின் மணியே தப்பான்னு தெரியணும். அதுக்காக நிறுத்தி, கெர்னல்கிட்ட கேட்டு வாங்கிப் பார்த்தேன். மெஷின் மணிதான் நாலு நிமிஷம் வேகம். ஓட விட்டுட்டு, உள்ள போயி மணியைச் சரி பண்ணுனேன். வேற எதையும் தொடல. இப்பல்லாம் மெஷின்ல கை வைக்கணும்னா எழுத்துல அனுமதி வேணும். நான் வாங்கல. அதான் சார் பயந்து சொல்லல."

"கதை நல்லா இருக்கு" என்றார் தங்கப்பாண்டி. இழந்த நிறம் அவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "மணி வேகமா ஓடுச்சுங்கிறதுக்கு சாட்சி?"

"நீங்கதான் சார்" என்றார் அக்கா. "நாலு தாள்ல அடிச்சுக் குடுத்திருக்கீங்களே. கிளமெண்ட், ஆறாவது வரியில ரெண்டாவது எண்ணைப் படி."

நான் படித்தேன். டோக்கன் பக்கம் நொடிக்கு நொடி மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், வாணி நிறுத்திய அந்த நொடியில் பிராசசர் கையில் மணி இருந்தது. நொடிக் கணக்காக இருந்த எண்ணை என் போனில் போட்டு மாற்றினேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி நாற்பத்தைந்து நிமிடம் பன்னிரண்டு நொடி என்று வந்தது.

"வாணி, நீ நிறுத்துனது எப்பன்னு வெளி சர்வர்ல பதிவு இருக்கும்ல? அதைக் காட்டு."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள். எம்.டி. எட்டிப் பார்த்தார். ஒன்பது நாற்பத்தொன்று, பன்னிரண்டு நொடி.

"சரியா நாலு நிமிஷம்" என்றார் எம்.டி. மெதுவாக.

"வாணி மணியை அப்படியே விட்டிருந்தா பதிவு பத்து மணிக்குத் திறந்திருக்காது சார். ஒன்பது அம்பத்தாறுக்கே திறந்திருக்கும். விஷயம் தெரிஞ்ச நாலு பேரு நாலு நிமிஷத்துல முதல் இருநூறு நம்பரையும் அள்ளியிருப்பாங்க. யாருக்குத் தெரியும்?" அக்கா கைப்பையிலிருந்து முத்திருளனின் புகார் மனுவை எடுத்தார். "அண்ணே, இது நீங்க கையெழுத்துப் போட்டது. 'காலை ஒன்பது ஐம்பத்தாறு முதல் நானும் என் உறவினர் பதினோரு பேரும் தொடர்ந்து முயன்றும் பக்கம் திறக்கவில்லை. இருபது முறைக்கு மேல் முயன்றதாகச் சொல்லி எங்கள் போன் எண்கள் பத்து நிமிடம் முடக்கப்பட்டன.' ஏண்ணே, பத்து மணிக்குத் திறக்கிற கடை ஒன்பது அம்பத்தாறுக்குத் திறக்கலைன்னு யாராச்சும் புகார் குடுப்பாங்களா?"

பதினைந்து வருடம் பொய் மனு அடித்தவர் கண்ணுக்கு அந்த ஒரு வரி போதும். நாங்கள் எல்லாரும் அதைப் படித்திருந்தோம். நான் மூன்று தடவை படித்து, எழுத்துப் பிழை வேறு திருத்தி வைத்திருந்தேன். வெட்கக்கேடு.

முத்திருளன் உட்கார்ந்தார். "ஆர்வத்துல… கொஞ்சம் முன்னாடியே…"

"பன்னெண்டு பேருக்கும் ஒரே நிமிஷத்துல ஆர்வம் வந்திருக்கு" என்றேன். "குடும்ப ராசி."

"ஆர்வத்துல தட்டி, நாங்களே எங்களைப் பூட்டிக்கிட்டோம்னு எழுதியிருக்கணும்" என்றார் அக்கா. "நீங்க பன்னெண்டு பேரும் வெளிய நின்ன நேரத்துல, நோட்டீசைப் படிச்சுட்டுப் பத்து மணிக்குத் தட்டுன பீமாராவுக்கு ஒண்ணாம் நம்பர் விழுந்துருச்சு. வாணி, அண்ணன்கிட்ட நீ என்ன சொன்ன?"

"பத்து மணிக்குத் தட்டுன்னு சொன்னேன்க்கா. அதுதான் நோட்டீஸ்லயும் இருந்துச்சு."

"தங்கப்பாண்டி சார், உங்களுக்கு ஒரே கேள்வி. புகார் வந்தது மத்தியானம். நீங்க முதல் படம் பிடிச்சது ஒன்பது அம்பத்தெட்டுக்கு. பதிவு திறக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, யாரும் எதுவும் கேக்கல. அந்த நேரத்துல மெஷின் நின்னு போச்சோன்னு உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்துச்சு?"

தங்கப்பாண்டி எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் முத்திருளனைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காத மாப்ள" என்றார் முத்திருளன். "ஒன்பது அம்பத்தாறுக்குத் திறக்கும்னு நீதான சொன்ன? திறக்கலைன்னு ரெண்டு தடவை போன் பண்ணுனேன். 'இருங்க மச்சான் பாக்குறேன்'னு நீதான சொன்ன?"

அதோடு முடிந்தது. இப்படி ஒரு வாக்குமூலத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை. மச்சானே வந்து சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார்.

வாணி மெஷினைக் கிளப்பும் ஃபைலைத் திறந்து காட்டினாள். புதன்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு யாரோ அதில் புகுந்து, மெஷின் கிளம்பும்போதே மணியை நாலு நிமிடம் கூட்டி வைத்திருந்தார்கள். யாரோ என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பக்கத்திலேயே தங்கப்பாண்டியின் லாகின் பெயர் இருந்தது.

"சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்றார் ஆரோக்கியநாதன். நல்ல மனிதருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். தங்கப்பாண்டி சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த தன் அருமை டூலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்திருளன் கதவுவரை போய் நின்றார்.

"அப்ப அந்த ஒண்ணாம் நம்பரு?"

"ஒண்ணாம் நம்பர் ஒண்ணாம் நம்பர்தான். கோயில் காளைக்கு அடுத்து பீமாராவ் வீட்டுச் செவலை. நானே கமிட்டிக்கு எழுதுறேன். நீங்க ஒன்பது அம்பத்தாறுக்குத் தட்டுனதையும் சேர்த்து எழுதுறேன்" என்றார் எம்.டி.

முத்திருளன் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார். எம்.டி. கடிதத்தைக் கையில் எடுத்தார். மணி நாலாக மூன்று நிமிடம் இருந்தது. தமிழ்வாணி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஏம்மா?"

"அனுமதி இல்லாம மெஷினைத் தொட்டேன்ல சார். விதி விதிதான?"

"ஆமா, விதி நான் போட்டதுதான்" என்று அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? நாலு நாளா இம்புட்டுப் பாடு பட்டிருக்க வேண்டாமே."

"கேட்டிருக்கலாம் சார். ஆனா அந்த அனுமதியை ஆபரேஷன்ஸ் மேனேஜர்கிட்டதான் வாங்கணும்."

ஆரோக்கியநாதன் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். போதாதென்று நாலாகக் கிழித்தார். அட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளி, அதன் மேல் தங்கப்பாண்டியின் சாவிக்கொத்தை வைத்தார்.

"முதல்ல அந்த டூலைத் தூக்கிப் போடு. மெஷின் இப்ப எப்படி இருக்குன்னு முறையாக் கேட்டு எனக்குக் காட்டு. இது எழுத்துல இல்ல, வாயால குடுக்கிற அனுமதி. சாட்சிக்கு ரெண்டு பேரு இருக்காங்க."

அவள் தட்டினாள். திரையில் எண்கள் எல்லாம் ஒரே அடியாக மாறின. நாலு நாள் பழைய நகல் போய், ஆறாவது வரியில் புது எண் வந்து நின்றது. நான் மாற்றிப் பார்த்தேன். மூன்று ஐம்பத்தொன்பது. சுவர்க் கடிகாரத்திலும் அதுதான்.

தமிழ்வாணி ஜன்னல் பக்கம் போய் போனை எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண்ணில் என்னவோ விழுந்தது. ஏசி அறையில் தூசி ஏது என்று அக்கா கேட்டார்.

"அண்ணே" என்றாள் அவள் போனில். "செவலையக் குளிப்பாட்டு. நம்மதான் ஒண்ணாம் நம்பரு."